‘சுட்ட படம்’ என்று முத்திரை குத்தியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் சினிமாக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று புரியும். இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டுகளை அருகருகே ஒட்டி, கீழே ‘சுட்டது’ என்று போட்டார் ஒருவர். இடதுபக்கம் ஜான் கார்பென்டரின் 1976 படம், ‘அசால்ட் ஆன் பிரீசிங்க்ட் 13’. வலதுபக்கம் ஃப்ளோரான்-எமிலியோ சிரியின் 2002 பிரெஞ்சுப் படம், ‘நீ த கெப்’. ஆங்கிலத்தில் ‘தி நெஸ்ட்’ என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு படத்திலும் இருட்டில் ஒரு ஆள் துப்பாக்கியோடு நிற்கிறார். அவ்வளவுதான் ஆதாரம். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். முதல் நாள் ‘நீ த கெப்’பைப் பற்றி நிதானமாக ஒரு குறிப்பு எழுதியிருந்த பெண், மாலைக்குள் தன் பதிவையே எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். படம் பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் முற்றுகைப் படத்தை, அதாவது ஒரு கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே ஒரு கூட்டம் சூழ்ந்து தாக்குகிற படத்தை, பார்த்துவிட்டு ‘இந்தக் கதை ஏற்கெனவே வந்தாச்சு’ என்று சொல்வது விமர்சனமே கிடையாது. முற்றுகைப் படத்தில் கதை புதுசா என்று கேட்கக் கூடாது. கட்டடம் எப்படி இருக்கிறது, உள்ளே யார் யார் மாட்டிக்கொண்டார்கள், வெளியே இருப்பவனுக்கு என்ன வேண்டும், உதவி ஏன் வரவில்லை, தோட்டா எத்தனை மிச்சம்: இந்த ஐந்தைத்தான் பார்க்க வேண்டும். ஊரில் ஒவ்வொரு வருஷமும் துரியோதனன் படுகளம் நடக்கிறது. போன வருஷமும் பீமன்தானே ஜெயித்தான் என்று யாராவது எழுந்து போகிறார்களா? இந்த வருஷம் யார் கட்டினார், எப்படி ஆடினார் என்றுதானே பேசிக்கொண்டு வருகிறோம்?

காப்பி என்றே வைத்துக்கொள்வோம். யாருடைய காப்பி? கார்பென்டர் தன் படத்தைத் தானே எடிட் செய்தார். டைட்டிலில் எடிட்டர் பெயராகத் தன் பெயரைப் போடாமல் ‘ஜான் டி. சான்ஸ்’ என்று போட்டார். அது 1959இல் வந்த ‘ரியோ பிராவோ’வில் ஜான் வெய்ன் ஏற்ற ஷெரிஃப்பின் பெயர். எங்கிருந்து எடுத்தேன் என்பதை மறைக்காமல் டைட்டிலிலேயே எழுதிவைத்த மனிதர் அவர். சரி, ‘ரியோ பிராவோ’வை எடுத்த ஹோவர்ட் ஹாக்ஸ்? 1952இல் வந்த ‘ஹை நூன்’ பிடிக்காமல் அதற்குப் பதிலாக எடுத்த படம் அது. பிறகு அவரே அதே அச்சை 1966இல் ‘எல் டொராடோ’, 1970இல் ‘ரியோ லோபோ’ என்று இன்னும் இரண்டு முறை பயன்படுத்தினார். ஹாக்ஸ் தன்னையே சுட்டார் என்று எழுதுவீர்களா?

ஸ்க்ரீன்ஷாட் போட்டவர் கவனிக்காத விஷயம் இன்னொன்று இருக்கிறது. வெளியே இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். ‘ரியோ பிராவோ’வில் சிறைக்குள் இருக்கும் கொலைகாரனை அவன் அண்ணனின் ஆட்கள் மீட்க வருகிறார்கள். கார்பென்டர் படத்தில் மீட்பு எதுவும் இல்லை, பழிவாங்கல். தன் மகளைக் கொன்ற கும்பலின் ஆள் ஒருவனைச் சுட்ட அப்பா ஒரு போலீஸ் நிலையத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டார். மகளைப் பறிகொடுத்த அதிர்ச்சியில் அவருக்குப் பேச்சே வரவில்லை. அதனால் எதற்காகச் சுடுகிறார்கள் என்பதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்தப் படத்தின் பயமே அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. சிரியின் படத்தில்? கவச வண்டியில் கொண்டுபோகப்படும் அல்பேனிய மாஃபியா தலைவனை அவன் ஆட்கள் மீட்க வருகிறார்கள். ஆகவே இது கார்பென்டரைத் தாண்டி நேராக ஹாக்ஸிடம் போய்ச் சேர்கிறது. சுட்டது என்று சொல்வதாக இருந்தால்கூட வீட்டு முகவரியைச் சரியாகச் சொல்லியிருக்கலாம்.

நோக்கம் மாறினால் சண்டையே மாறும். உள்ளே இருப்பவன் உயிரோடு வேண்டும் என்றால் கட்டடத்தோடு சேர்த்துக் கொளுத்திவிட முடியாது, குண்டு வைத்து இடிக்க முடியாது. செத்தால் போதும் என்றால் எதுவும் செய்யலாம். 2005இல் டெட்ராய்ட்டை வைத்து கார்பென்டர் படத்தை ரீமேக் செய்தார்களே, அதில் வெளியே நிற்பது ஊழல் போலீஸ்காரர்கள். சாட்சி சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பதால் உள்ளே இருப்பவன் சாக வேண்டும். அந்த ரீமேக்கை எடுத்தவர் யார் தெரியுமா? ழான்-ஃப்ரான்சுவா ரிஷே, பிரெஞ்சுக்காரர். அதே வருஷம்தான் சிரி அமெரிக்காவில் ப்ரூஸ் வில்லிஸை வைத்து எடுத்த ‘ஹாஸ்டேஜ்’ வந்தது. ‘நீ த கெப்’பைப் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் வில்லிஸ் அவரைக் கூப்பிட்டார். நம் ஆட்கள் காப்பி என்று தள்ளிய படத்தை அந்த ஊர்க்காரர் வேலைக்கான அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்.

அடுத்தது, ‘முதல் அரைமணி நேரம் ஒண்ணுமே நடக்கலை’. இதைச் சொன்னவர்கள்தான் அதிகம். அந்த அரைமணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஜூலை 14, பிரான்சின் தேசிய தினம். ஸ்த்ராஸ்பூர் பக்கம். மூன்று கூட்டம் தனித்தனியாக நகர்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியக் காவலர்கள் சேர்ந்து கைதியைக் கொண்டுபோகிறார்கள். நாதியா ஃபாரெஸ் நடித்த லபோரியும் அதில் ஒருவர். சாமி நசேரி, பெனுவா மஜிமெல் கும்பல் ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர் திருடக் கிளம்புகிறது. அந்தக் கிடங்குக்கு இரவுக் காவலாளியாக பாஸ்கல் கிரெகோரி வேலைக்கு வருகிறார். மூன்றும் ஒரே கூரைக்கடியில் வந்து சேர்ந்த பிறகுதான் வெடி.

இந்த அரைமணியைக் கழித்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் யார் போலீஸ், யார் திருடன் என்று குண்டுச் சத்தத்துக்கு நடுவே வசனத்தில் சொல்ல வேண்டியிருக்கும். எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று யாராவது வாய்விட்டு விளக்க வேண்டியிருக்கும். மோசமான முற்றுகைப் படங்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். சண்டை ஆரம்பித்த பிறகு ‘மேற்குப் பக்கம் பாரு’ என்று கத்துவார்கள், எது மேற்கு என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஆள் விழுவான், எங்கிருந்து சுட்டார்கள் என்று புரியாது. சிரி இந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகிறார். கிடங்கு எவ்வளவு பெரியது, அலுவலக அறை எங்கே, சரக்கு எங்கே என்று திருடர்களின் கண் வழியாகவே காட்டிவிடுகிறார். திருட வந்தவன் கட்டடத்தை அளவெடுப்பது இயல்பு. பார்வையாளனுக்கும் வரைபடம் மனதில் பதிந்துவிடுகிறது.

அடுத்தது உதவி ஏன் வரவில்லை என்பது. இதில் ஓட்டை விழுந்தால் மொத்தப் படமும் போச்சு. 1976இல் கார்பென்டர் எப்படிச் சமாளித்தார்? இடம் மாற்றப்படுகிற பழைய நிலையம், ஆள் குறைவு. சுற்றி வீடுகள் காலி. ஃபோன், கரண்ட் இரண்டும் துண்டிப்பு. துப்பாக்கிகளில் சைலன்சர். அதனால் வெடிச்சத்தம் இல்லாமல் கண்ணாடி மட்டும் நொறுங்குகிறது, மேஜையில் இருக்கும் தாள்கள் தானாகத் துள்ளிப் பறக்கின்றன. பிணங்களையும் அப்புறப்படுத்திவிடுகிறார்கள். கடைசியில் ரோந்து போலீஸ் விழித்துக்கொள்வது எப்படி? கம்பத்தில் ஏறிய லைன்மேன் செத்துக் கிடப்பதைப் பார்த்துத்தான். இவ்வளவும் சுமார் 1 லட்சம் டாலர் செலவில். சிரியின் கையில் இருப்பது 2002, எல்லார் பாக்கெட்டிலும் செல்ஃபோன். அதற்கு ஏற்ற மாதிரி தேதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தேசிய விடுமுறை, தொழிற்பேட்டை வெறிச்சோடிக் கிடக்கிறது, நாடே வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. தேதி ஒன்றை மாற்றினாலே பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது பாருங்கள்.

‘தகரச் சுவருக்குள்ள குண்டு எப்படிப்பா வருது, ஓவர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, கிடங்குகளின் பக்கச் சுவருக்கு அடிக்கிற இரும்புத் தகடு பொதுவாக 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. கைத்துப்பாக்கித் தோட்டாவே துளைத்துக்கொண்டு போகும், ரைஃபிள் தோட்டாவைக் கேட்கவே வேண்டாம். அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தால் ஆள் மறைவார், காப்பாற்றாது. தடுப்பது கான்கிரீட் தூண், வண்டியின் எஞ்சின், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பள்ளம். கிடங்கைச் சுட்டுத் துளைக்கிற காட்சியில் எல்லாரும் ஏன் தரையோடு ஒட்டிக் கிடக்கிறார்கள் என்று இப்போது மறுபடி பாருங்கள். தோட்டாக் கணக்கும் அப்படித்தான். எம்பி5 மாதிரி துப்பாக்கியில் ஒரு மேகசினில் 30 தோட்டா. நிமிஷத்துக்கு 800 என்ற வேகத்தில் விட்டால் இரண்டேகால் விநாடியில் காலி. கையில் நாலு மேகசின் இருப்பவனிடம் மொத்தம் ஒன்பது விநாடிதான் இருக்கிறது. அதனால்தான் உள்ளே இருப்பவர்கள் சுடுவதைவிட காத்திருப்பது அதிகம். அந்தக் காத்திருப்பைத்தான் ‘லேக்’ என்று எழுதினீர்கள்.

‘கேரக்டர் டெவலப்மென்ட் இல்லை’ என்பதற்குப் பாதி சம்மதம். மஜிமெல் அதற்கு முந்தைய வருஷம்தான் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியிருந்தார். நசேரியை ‘டாக்ஸி’ படங்களில் பார்த்துப் பழகியவர்கள் கலகலப்பை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். இரண்டு பேருக்குமே பேச வேண்டியது கொஞ்சம்தான். அது குறை என்று தோன்றினால் தோன்றட்டும். எனக்கு, மஜிமெல் பேசாமல் கணக்குப் போடுகிற முகமே போதும்.

நியாயமான குற்றச்சாட்டு ஒன்று இருந்தது, அதைக் குழுவில் ஒருவர்கூட எழுப்பவில்லை. தாக்க வருபவர்களுக்கு முகம் இல்லை, பேச்சு இல்லை, அல்பேனியர் என்ற அடையாளம் மட்டும் இருக்கிறது. கார்பென்டர் தன் கும்பலில் வெள்ளையர், கறுப்பர், லத்தீனோ, ஆசியர் என்று எல்லாரையும் கலந்துவைத்தார், ஒரு இனத்தின் மேல் பழி விழக் கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. சிரி அந்தக் கவனத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் பேசியிருந்தால் அன்று இரவு முழுக்க உட்கார்ந்து பேசியிருக்கலாம். பேசியது ஸ்க்ரீன்ஷாட்டைப் பற்றி.

‘இதைத்தானே கமல் எடுத்தார்’ என்று வந்த கமெண்டுக்கும் பதில்: இல்லை. ‘தூங்காவனம்’ 2011இல் ஃப்ரெடெரிக் ஜார்டன் எடுத்த ‘நுய் ப்ளான்ஷ்’ படத்தின் ரீமேக். அது இரவு விடுதிக்குள் நடக்கும் வேறு கதை.

சரி, 2019இல் ‘கைதி’ வந்தபோது என்ன செய்தோம்? திருச்சி கமிஷனர் அலுவலகம், அன்றுதான் மாற்றலாகி வந்த ஏட்டய்யா, மாட்டிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள், வெளியே கும்பல். ஜார்ஜ் மரியான் கதவை இழுத்துச் சாத்தி நின்றபோது தியேட்டரே எழுந்து கைதட்டியது. கார்பென்டர் படத்தில் நிலையத்துக்குள் மாட்டிக்கொண்டு போலீஸோடு சேர்ந்து போராடும் குற்றவாளியின் பெயர் நெப்போலியன் வில்சன். நம் ஏட்டய்யாவின் பெயர் நெப்போலியன். நாம் அங்கே ஸ்க்ரீன்ஷாட் ஒட்டவில்லை. ஒட்டாததுதான் சரி. திருச்சி அலுவலகமும் அந்த மனிதரின் பயமும் நமக்குப் புதிது, அதனால் படமும் புதிது. அந்த மரியாதை ஸ்த்ராஸ்பூர் கிடங்குக்கு ஏன் கிடையாது? சப்டைட்டில் படிக்க வேண்டியிருக்கிறது என்பதாலா?

‘காப்பி’ என்று சட்டென்று சொல்லிவிடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘ட்ரெட்’, ‘தி ரெய்டு’ இரண்டுமே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் போலீஸ் மாட்டிக்கொள்ளும் படங்கள். ‘ட்ரெட்’ 2012இல் வந்தபோது ‘தி ரெய்டு’வைச் சுட்டுவிட்டார்கள் என்று பலரும் சொன்னார்கள். ‘ட்ரெட்’ ஷூட்டிங் 2010லேயே தொடங்கிவிட்டது. ‘தி ரெய்டு’ படமாக்கப்பட்டது அதற்குப் பிறகு. கார்பென்டர் படமே அமெரிக்காவில் வந்தபோது பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை. 1977இல் லண்டன் திரைப்பட விழாவில் கொண்டாடப்பட்ட பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது. இன்று நீங்கள் ‘ஒரிஜினல்’ என்று தூக்கிப் பிடிக்கும் படத்தையே ஒரு காலத்தில் யாரோ தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

யார் எப்படிப் பார்த்தீர்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பகலில், ஃபோனில், ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துவிட்டு ‘ஒரே இருட்டு, ஒண்ணும் தெரியலை’ என்று எழுதியவர்கள் குறைந்தது மூன்று பேர். இது இரவுப் படம், அகலத் திரைக்கு எடுத்த படம். திரையை நிரப்ப விரலால் பெரிதாக்கினால் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டுவிடும். முற்றுகைப் படத்தில் ஆபத்து வருவதே ஓரத்திலிருந்துதான். விளக்கை அணைத்துவிட்டு டிவியில் போடுங்கள். படத்தை வழவழப்பாக்கும் செட்டிங் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அது துப்பாக்கி வெளிச்சத்தையெல்லாம் சீரியல் மாதிரி ஆக்கிவிடும். ஆங்கில டப்பிங் வேண்டாம். எல்லாரும் ஒரே குரலில் ஆங்கிலம் பேசினால் மூன்று நாட்டுக் காவலர்கள் ஒன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே காதில் விழாமல் போய்விடும். ஸ்பீக்கர் இருந்தால் நல்லது, அலெக்ஸாந்த்ர் தெஸ்ப்லாவின் இசை ஃபோன் ஸ்பீக்கரில் பாதி கேட்காது.

இப்படிப் பார்த்துவிட்டும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக எழுதுங்கள். எந்தக் கதவு, எந்தக் காட்சி, எந்த இடத்தில் நம்ப முடியவில்லை என்று சொல்லி எழுதுங்கள். கமெண்ட் பகுதி திறந்துதான் இருக்கிறது, உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.