கொடியேற்றத்துக்குள் வந்துவிடுவோம்

தை கடைசியில் நானும் எங்க வீட்டுக்காரரும் நியூசிலாந்து கிளம்புகிறோம். இரண்டு மாதம். டூர் பேக்கேஜ் கிடையாது, அங்கே சொந்தபந்தம் யாரும் கிடையாது, பேரப்பிள்ளை பார்க்கும் வேலையும் கிடையாது. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்க வருகிறவர்களுக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மொத்தமாக இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"இந்த வயசுல எதுக்கு டீச்சர் அம்புட்டுத் தூரம்?" என்பதுதான் முதல் கேள்வி. கொழுந்தனார், "மதினி, அந்தக் காசுக்கு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு இடத்த வாங்கிப் போட்டா பிள்ளைகளுக்கு ஆகும்ல?" என்றார். அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்துவிட்டோம். இது எங்கள் வைப்பு நிதிப் பணம், இந்த முழங்கால்களும் எங்களுடையவை. பணம் வங்கியில் காத்திருக்கும், முழங்கால் காத்திருக்காது.

மகள் இருக்கும் அமெரிக்காவுக்கு இரண்டு முறை போய் ஆறு ஆறு மாதம் இருந்தோம். பேரனைத் தூக்கி வளர்த்தது எங்களுக்குக் கிடைத்த பாக்கியம், அதில் குறையே இல்லை. ஆனால் அதை நான் பயணம் என்று சொல்லமாட்டேன். இங்கே பார்த்த வீட்டு வேலையை அங்கே போய்ப் பார்த்தோம், அவ்வளவுதான். எங்கள் நடைக்கூட்டத்தில் பலருடைய பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததே மகள் பிரசவத்துக்காகத்தான். அவர்களிடம் நான் கேட்கிறேன்: உங்களுக்காக, உங்களுக்கே உங்களுக்காக, எங்கே போனீர்கள்?

மேலூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் புவியியல் எடுத்தேன். பனியாறு குடைந்த யு வடிவப் பள்ளத்தாக்கு, தொங்கு பள்ளத்தாக்கு, அது தள்ளிக்கொண்டுவரும் கற்குவியலான மொரைன் என்று வருடா வருடம் சாக்பீஸால் வரைவேன். இரண்டு பனியாறுகள் சேரும்போது அவற்றின் ஓரக் கற்குவியல்கள் ஒன்றாகி நடுவில் கறுப்புக் கோடாக ஓடும் என்று சொல்வேன். சொன்னேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு டூர் கம்பெனியில் பணம் கட்டி ஐரோப்பா போனோம். பன்னிரண்டு நாளில் எட்டு நாடு. சுவிட்சர்லாந்தில் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக்குக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எதிரே அலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸ் மலையிலேயே நீளமானது, இருபது கிலோமீட்டருக்கும் மேல். தூரத்தில் அந்தக் கறுப்புக் கோடு தெரிந்தது. நான் கரும்பலகையில் வரைந்த அதே கோடு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, வழிகாட்டிப் பையன் கொடியை ஆட்டி, "சாப்பாட்டுக்கு நேரமாச்சு, வாங்க வாங்க" என்று கூப்பிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அட்டவணை அப்படி. கீழே இறங்கும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்: இனிமேல் போனால் ஒரே நாடு, நிறைய நாள்.

நான் இங்கே வாதாடுவதும் அதற்காகத்தான். தூர தேசம் போகிற வயசானவர்கள் அவசரப்பட்டுப் போகக்கூடாது. இளவட்டங்களுக்கு லீவு பதினைந்து நாள்தான். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே, அதை ஏன் பஸ்ஸில் தூங்கியே கழிக்க வேண்டும்?

நியூசிலாந்தின் தென்தீவில், மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்து போகிற நம்மாட்கள் பலர் குவீன்ஸ்டவுனில் தங்கி, ஒரே நாளில் போய்த் திரும்புகிறார்கள். போக மட்டும் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். விடியக் கிளம்பி இருட்டிய பிறகுதான் அறைக்கு வரமுடியும். அங்கே வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் மதுரையில் ஏழு வருடம் பெய்வது அங்கே ஒரே வருடத்தில் பெய்துவிடும். மழை நாளில் போனால் பாறைச் சுவர் முழுக்கத் திடீர் அருவிகள் கொட்டும், சிகரம் மேகத்துக்குள் போய்விடும். வெயில் நாளில் போனால் சிகரம் தெரியும், அந்த அருவிகள் இருக்காது. ஒருநாள் போகிறவருக்கு இரண்டில் ஒன்றுதான். அதனால் நாங்கள் 120 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள டி அனாவ் என்ற ஏரிக்கரை ஊரில் பத்து நாள் அறை எடுத்திருக்கிறோம். மழைக்கு ஒருநாள், வெயிலுக்கு ஒருநாள் போவோம். அங்குள்ள மைட்டர் சிகரம் ஏறக்குறைய 1,690 மீட்டர். கொடைக்கானலைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அது கடல் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. பெயரில் சவுண்ட் என்று இருந்தாலும் அது ஃபியார்டு, அதாவது பனியாறு குடைந்து கடல் புகுந்த பள்ளத்தாக்கு. அதே தீவில் வடக்கே பிக்டன் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் மார்ல்பரோ சவுண்ட்ஸ் வேறு வகை, கடலில் மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்குகள், அதாவது ரியா கடற்கரை. என்னிடம் படித்த பிள்ளைகள் இதை வாசித்தால் இரண்டு மதிப்பெண் கேள்வி ஞாபகம் வரும்.

டெகாப்போ ஏரியில் ஒரு வாரம். அந்தப் பகுதி 2012 முதல் சர்வதேச இருள்வான் காப்பகம், அதாவது நட்சத்திரம் தெரிவதற்காக இரவு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்திய இடம். மிருகசீரிஷமும் திருவாதிரையும் இருக்கிற வேட்டைக்காரன் (ஒரியன்) நட்சத்திரக் கூட்டம் நமக்குத் தலைக்கு மேலே போகும். அங்கே அதுவே வடக்கு வானில் தலைகீழாக நிற்கும். எங்க வீட்டுக்காரருக்குத் திருவாதிரை நட்சத்திரம். அறுபத்தாறு வயதில் தன் நட்சத்திரத்தைத் தலைகீழாகப் பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் வெலிங்டன். அங்கே டே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு சின்ன வெண்கல மணி இருக்கிறது. அதில் பழைய தமிழ் எழுத்தில் 'முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்று பொறித்திருக்கிறது. 1830களில் கொலென்சோ என்ற பாதிரியார் அங்குள்ள பூர்வகுடிகளான மவோரி மக்களிடம் அதைப் பார்த்தபோது, அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். எந்தக் கப்பல், எப்படி அங்கே போனது என்பதற்கு இன்னும் உறுதியான விடை இல்லை. அத்தனை கடல் தாண்டி நம் எழுத்து போயிருக்கிறது. நாம் போகக்கூடாதா?

பணம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன்: இரண்டு பேருக்குமாகப் பதின்மூன்று லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். எல்லா ஓய்வூதியருக்கும் இது முடியாது, தெரியும். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்குப் பழைய ஓய்வூதியமே இல்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. முடிகிறவர்கள் பயந்துகொண்டு உட்காரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கிளம்ப நினைப்பவர்கள் பயணக் காப்பீட்டில் சர்க்கரை, பிரஷரை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு கைக்கு வராது. மருந்தைப் பிரிக்காத அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுத்துப்போங்கள். நியூசிலாந்துக்குள் மூன்று மாதத்துக்கு உள்ளதைக் கொண்டுபோக விடுகிறார்கள். ஊறுகாய், பொடி எது கொண்டுபோனாலும் இறங்கும்போது படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். உங்கள் ஓய்வூதிய நேர்காணலுக்கான மாதம் பயணத்துக்கு நடுவில் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சி போய், சிங்கப்பூர் வழியாகக் கிறைஸ்ட்சர்ச். சிங்கப்பூரிலிருந்து மட்டுமே பத்து மணி நேரம் என்பதால் வீட்டுக்காரருக்கு ஓரத்து இருக்கை சொல்லியிருக்கிறோம், எழுந்து நடக்க வசதி. வாரம் ஒருநாள் அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு நடந்தே ஏறிக் கால்களைப் பழக்குகிறோம்.

பங்குனியில் திரும்பிவிடுவோம். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் ஊரைவிட்டு நகர்வதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம், பயணத் தேதியே அதை வைத்துப் போட்டதுதான். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று எங்கள் தெரு நீர்மோர் பந்தலில் இந்த வருடமும் எங்கள் பங்கு உண்டு. கிளம்பும் முன்பே மோருக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போகிறேன்.