ஆஸ்கருக்குத் துணை தேடிய கதை

தம்பி: அக்கா, நேற்று மாலை தொட்டியில் என் ஆஸ்கர் மீனுக்குத் துணையாக 12 நியான் டெட்ரா குட்டி மீன்களை விட்டேன். காலையில் எண்ணினால் ஒன்றுகூட இல்லை!

அக்கா: ஆஸ்கர் இருக்கிறானா?

தம்பி: இருக்கிறான். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறான்.

அக்கா: நீ துணை என்று விட்டாய், அவன் சாப்பாடு வந்ததென்று நினைத்துக்கொண்டான். வாய்க்குள் நுழைகிற எதுவும் அவனுக்குத் துணையாகாது.

தம்பி: அப்படியென்றால் சின்னக் கெளுத்தி? முள் இருக்கிறதே, பயப்படுவான்.

அக்கா: எங்கே பயப்படுவான், விழுங்கித்தான் பார்ப்பான். கெளுத்தி முள்ளை விரித்துக்கொள்ளும், அது தொண்டையில் மாட்டினால் இரண்டுமே போய்விடும். வளர்ந்த சில்வர் டாலர் மீன் ஐந்தாறு வாங்கு. தட்டு மாதிரி உடம்பு, வாயில் அடங்காது. ஆனால் இலைதழை கண்டால் விடாது, உன் செடிகளுக்கு நான் பொறுப்பில்லை.

தம்பி: அரோவானா?

அக்கா: மூடி இருக்கிறதா? ஆற்றோரக் கிளையில் இருக்கும் பூச்சியையே எகிறிப் பிடிக்கிற மீன் அது. உன் வீட்டில் டியூப்லைட்டைப் பிடிக்கும். அது சரி, தொட்டி எத்தனை லிட்டர்?

தம்பி: 100.

அக்கா: டேய், ஆஸ்கர் ஓர் அடி வளரும்! தனியாக இருந்தாலே 280 லிட்டராவது வேண்டும், கூட்டாளி வந்தால் அதற்கும் மேலே. இதில் அவன் ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்பணும்.

தம்பி: சரி, பெரிய தொட்டியே வாங்கிவிடுகிறேன். என் அலங்காரத்தைப் பற்றிச் சொல். மூழ்கிய கப்பல், கோட்டை, செடிகள் எல்லாம் வைத்தேன்.

அக்கா: இப்போது எப்படி இருக்கிறது?

தம்பி: கப்பல் இரண்டாம் முறை மூழ்கிவிட்டது. செடிகள் மேலே மிதக்கின்றன.

அக்கா: தோண்டுவான், பிடுங்குவான், தள்ளுவான். கூர்முனை உள்ளதெல்லாம் வெளியே போகட்டும், கண்ணைக் கிழித்துக்கொள்வான். கண்ணாடி ஹீட்டருக்கு உறை போடு. பெரிய வழுவழுப்பான கல்லைத் தொட்டியின் அடித்தரையிலேயே உட்கார வை. மணல் மேல் வைத்தால் அடியில் தோண்டிச் சாய்த்துவிடுவான். செடி வேண்டுமென்றால் அனுபியாஸை மரக்கட்டையில் கட்டு.

(ஒரு மணி நேரம் கழித்து, போனில்)

தம்பி: அக்கா! கப்பலை எடுத்தேன். ஒருக்களித்துப் படுத்துவிட்டான். செத்துவிட்டானா?

அக்கா: செவுள் அசைகிறதா?

தம்பி: அசைகிறது. என்னையே முறைக்கிறான்.

அக்கா: எதற்கும் தண்ணீரைச் சோதித்துப் பார். அது சரியாக இருந்தால் கோபம்தான். இடத்தைக் கலைத்தால் ஆஸ்கர் அப்படித்தான் படுத்துக்கொள்ளும்.

தம்பி: அந்தக் கப்பலை இவன்தானே வாரம் முழுக்கத் தள்ளினான்!

அக்கா: அவன் கப்பல், அவன் தள்ளினான். நீ யாருடா எடுப்பதற்கு?