அரசு பணம் தரும், ஜிப் யார் போடுவது?

ஜெர்மனியில் குழந்தை வளர்ப்பது சுலபம், பாதிப் பாரத்தை அரசே சுமக்கிறது என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. பணக் கணக்கில் சரிதான். குழந்தைக்கான மாத உதவித்தொகை 2025இல் 255 யூரோ ஆனது. ஒரு வயது முடிந்த பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் கேட்பது 2013 முதல் சட்டப்படி உரிமை. இடம் கிடைப்பது வேறு கதை. வயிற்றில் இருக்கும்போதே பெயர் கொடுத்து வைக்கிறவர்கள் உண்டு.

கட்டுரை தொடாதது குளிர்காலக் காலை ஏழு மணி. வெளியே கும்மிருட்டு. மகளுக்கு உள்காலுறை, கம்பளிச் சட்டை, அதன்மேல் சேற்றில் விளையாடப் போடும் ரப்பர் கால்சட்டை, அதற்கும் மேல் ஜாக்கெட். கடைசி ஜிப்பை இழுத்த பிறகுதான் "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்பாள். எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்!

காப்பகத்தில் மழையானாலும் பனியானாலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். ஊரிலிருந்து வீடியோ காலில் பதறுவது என் மாமியார்தான். சேர்த்த முதல் சில வாரங்கள் அம்மாவோ அப்பாவோ கூட இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும் என்ற வழக்கமும் நல்லது, நம் ஊர்ப் பள்ளிகளும் செய்யலாம். அப்புறம் காய்ச்சல். அரசின் பொது மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள 2024 முதல் தாய்க்கும் தந்தைக்கும் ஆண்டுக்குத் தலா 15 நாள் விடுப்பு உண்டு. எங்கள் வட்டத்தில் என்னவோ அம்மாக்களின் நாட்கள்தான் முதலில் தீர்கின்றன. அடுத்த கட்டுரைக்கு அப்பாக்களிடமும் நாலு கேள்வி கேளுங்கள்.