‘கரண்ட் பிடிக்கிறது’ பற்றி ஒரு திருத்தம்

‘கரண்ட் பிடிக்கிறது’ என்பது தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவைத்துக் கொடுக்கும் ஒரு மனநலச் சிகிச்சை (ECT). மேலே ஒரு அண்ணை, மனநலப் பிரிவில் நோயாளியை முழிப்போட கட்டிலில் கட்டி வைத்துத்தான் கரண்ட் பிடிப்பினம் என்று எழுதியிருக்கிறார். கன பேர் அதைப் பகிர்ந்தும் விட்டினம். அவர் சொல்வது ஒரு காலத்து உண்மைதான், இன்றைய முறை அதுவல்ல.

1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் இதைத் தொடங்கியபோது மயக்கமருந்து இல்லை. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்த ஆட்களும் உண்டு. பழைய படங்களில் வருகிற காட்சி அந்தக் காலத்தது. 1950களில் தசையைத் தளர்த்தும் மருந்து வந்த பிறகு நிலைமை மாறியது. இப்போது ஆள் மயக்கத்தில் இருப்பார். மின்சாரம் போவது சில விநாடிகள், வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பல இடங்களில் கணுக்காலில் பிரஷர் பட்டியை இறுக்கி, தளர்த்தும் மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போகாமல் மறிப்பார்கள். ஏனென்றால் வலிப்பு வந்ததா என்பதை அந்தப் பாதம் துடிப்பதை வைத்தும் பார்ப்பார்கள்! ஞாபகமறதி வரலாம், சிலருக்கு அது நீடிக்கவும் செய்யும். அதை நான் மறைக்கவில்லை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை மனநலப் பிரிவிலோ யாழ். போதனா வைத்தியசாலையிலோ, ‘இதற்கு முதல் ஏன் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லுறியள்?’ என்று கேளுங்கோ. மயக்கமருந்து கொடுப்பதால்தான் அது. நேரில் போக ஏலாதவை 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.