அல்டிமா 4ஐ முடித்துவிட்டேன்

பல ஆண்டுகளாகத் தொடங்குவதும் பாதியில் நிறுத்துவதுமாக இழுபட்ட அல்டிமா 4 விளையாட்டை இந்த வாரம் முடித்துவிட்டேன். ரிச்சர்ட் கரியட் உருவாக்கி 1985இல் அப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த விளையாட்டு. இணையத்தில் கிடக்கும் வழிகாட்டிகளில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: நான் ஆடிய விளையாட்டுகளில் என்னை ஒரு மனிதப்பிறவியாக மதித்து நடத்தியது இதுதான்.

இதற்கு முந்தைய மூன்று பாகங்களிலும் ஒரு தீய சக்தி இருக்கும். அதை அழித்தால் கதை முடிந்தது. நான்காவதில் அப்படி எவரும் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டுக் குணங்கள். அவற்றில் தேறி, பாதாளத்தில் இருக்கும் ஞான நூலை அடைய வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் எத்தனை கடினம்!

தொடக்கத்தில் ஒரு நாடோடிப் பெண் சீட்டுகளை விரித்து, இரண்டு நல்ல குணங்களில் எதைத் தேர்வாய் என்று மாறிமாறிக் கேட்பாள். பலமான போர்வீரனாக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பதில் சொல்லலாம். நான் மனதில் பட்டதைச் சொன்னேன், ஆட்டிடையன் ஆனேன். எட்டுப் பாத்திரங்களிலும் மிகவும் பலவீனமானவன் அவன். செருக்கினால் அழிந்து பேய்கள் உலாவும் மகின்சியா என்ற ஊரில், தன்னந்தனியாகத் தொடங்க வேண்டும். மாற்றிக்கொள்ளத் தோன்றவேயில்லை. பணிவுக்கு உரியவன் ஆட்டிடையன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான வேடம் எது?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த விளையாட்டில் மந்திரத்துக்கான மூலிகைகளை விற்பவள் பார்வையற்ற பெண். அவள் விலையைச் சொல்வாள்; காசை எண்ணிப் போடுவது நாம். ஒரே ஒரு பொற்காசைப் போட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகலாம். அவள் தடுக்க மாட்டாள், காவலாளி வரமாட்டான், திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றாது. ஆனால் உள்ளே எங்கோ நேர்மைக்கான கணக்கு சத்தமில்லாமல் குறைந்துவிடும்.

என் அம்மா இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். நிறுக்கும் இடத்தில் தராசு அவர் கையில் இருந்ததில்லை. ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் கிலோக்கள் கழிக்கப்படும். அந்தக் கழிவால் அன்றைய அளவுக்குக் குறைந்துவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், அரைப்பேராகும். மழையில் நனைந்து மலையேறி இறங்கிய ஒரு நாளின் பாதி அப்படியே போய்விடும். கேள்வி கேட்டவர்களுக்குக் கிடைத்தது ஏச்சு. அந்தத் தராசைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தராசையே என் கையில் கொடுத்துவிட்டு வாய்மூடி நிற்கும் ஒரு விளையாட்டு என்ன செய்திருக்கும் என்று மலையகத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கையில் காசு தீரும் கட்டத்தில்கூட அவளுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டே வாங்கினேன். எண்களால் செய்த ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு ஏன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். யாரும் பார்க்காத இடத்தில் நான் எப்படி நடப்பேன் என்பதைத்தானே அந்த விளையாட்டு எண்ணிக்கொண்டிருக்கிறது?

இன்றைய விளையாட்டுகளில் நல்லது செய்தால் உடனே புள்ளி மின்னும். இங்கே அப்படி இல்லை. கோட்டையில் ஹோக்விண்ட் என்ற ஞானி இருக்கிறார். ஒவ்வொரு குணத்திலும் எங்கே நிற்கிறோம் என்று அவரிடம் கேட்கலாம். வார்த்தையால் சொல்வாரே தவிர எண் தரமாட்டார். பிச்சைக்காரருக்குக் கொடுப்பது கருணை. வைத்தியரிடம் இரத்தம் கொடுப்பது தியாகம். போரில் புறமுதுகிடாதிருப்பது வீரம். கொடியதல்லாத விலங்கு தப்பியோடினால் துரத்திக் கொல்லாமல் விடவேண்டும். இவற்றில் பலவற்றை நாமாகவே கண்டுகொள்ள வேண்டும். அதனால்தான் வழிகாட்டியை வைத்துக்கொண்டு ஆடாதீர்கள் என்று மன்றாடுகிறேன். எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியல் கையில் வந்த கணத்தில் கருணை வெறும் கொடுக்கல் வாங்கலாகிவிடும்.

தமிழ் மொழிமூலம் படித்த எனக்கு மொழியும் ஒரு மலைதான். பாத்திரங்கள் பழங்கால ஆங்கிலத்தில் பேசும். அவர்களிடம் பெயரையும் தொழிலையும் கேட்டு, பதிலில் வரும் ஏதோ ஒரு சொல்லைப் பிடித்து, அதையே மறுபடி தட்டச்சுச் செய்து கேட்கவேண்டும். ஓர் ஊரில் கிடைக்கும் பாதி விடயத்தின் மீதி கடலுக்கு அப்பால் இருக்கும். கொப்பி முழுக்க அகராதிப் பொருளும் வரைபடமும் நிரம்பின. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்தக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சண்டைகள் அளவுக்கு மீறி நீளும். மந்திரத்துக்கான மூலிகைகளை ஒவ்வொன்றாகக் கலப்பது பொறுமையைச் சோதிக்கும். இரண்டு மூலிகைகள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த உலகத்துக்கு இரண்டு நிலவுகள்; இரண்டும் மறைந்திருக்கும் வேளையில் குறிப்பிட்ட இடத்தில் தேடவேண்டும். பழைய விளையாட்டுகள் என்றாலே எல்லாம் அருமை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் ஆன்மிகத்துக்கான ஆலயத்தை அடைந்த நேரத்துக்கு எல்லாம் தகும். எந்தச் சாலையும் அங்கே போகாது. இரண்டு நிலவும் முழுமையாக இருக்கும்போது திறக்கும் நிலவு வாசல் வழியாக மட்டுமே போகமுடியும். அங்கே சொல்லவேண்டிய மந்திரம் ஓம். அமெரிக்காவில் யாரோ ஓர் இளைஞர் எழுதிய விளையாட்டில், எங்கள் தோட்டத்துக் கோயிலில் பாட்டி சொல்லக் கேட்ட அந்த ஒலியை மூன்று சுற்றுத் தியானத்துக்கும் எழுத்தெழுத்தாகத் தட்டினேன். கண் கலங்கிவிட்டது.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி (GOG) தளத்தில் இந்த விளையாட்டு சட்டப்படி இலவசமாகவே கிடைக்கிறது. மிகச் சிறிய கோப்பு. பழைய மடிக்கணினியே போதும். அதோடு வரும் இரண்டு புத்தகங்களையும் முதலில் படித்துவிடுங்கள், மந்திரக் கலவைகளில் பெரும்பாலானவை அங்கே இருக்கின்றன. ஆங்கிலம் புரியாத இடம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், மொழிபெயர்த்துத் தருகிறேன். பாதாளத்தின் கடைசிக் கேள்விக்கான விடையை மட்டும் கேட்காதீர்கள். அதை நான் சொல்லமாட்டேன்.