வீட்டைக் கட்டிப் பார்த்தவரும் கல்யாணம் நடக்கும் வீடும்

கனடாவின் டொராண்டோவில் இருக்கும் காசா லோமா என்ற கோட்டை மாதிரியான மாளிகையைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சலித்துக்கொள்வார். சரித்திரச் சின்னத்தைப் போய்க் கல்யாண மண்டபமாக்கிவிட்டார்களே, உள்ளே உணவகம் வேறு, பூட்டிய அறையிலிருந்து தப்பிக்கிற புதிர் விளையாட்டு வேறு, கோட்டைக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று. எனக்கு இந்தச் சலிப்பு புரிவதே இல்லை.

முதலில் அது கோட்டையே கிடையாது. எந்த ராஜாவும் அங்கே ஆண்டதில்லை, எந்தப் படையும் முற்றுகை போட்டதில்லை. மின்சாரத் தொழிலில் பணம் குவித்த சர் ஹென்றி பெல்லட், ஐரோப்பியக் கோட்டைகள் மேல் இருந்த மோகத்தில் 1911-ல் கட்ட ஆரம்பித்த வீடு. சுமார் 300 ஆட்கள், மூன்று வருட வேலை, 35 லட்சம் டாலர் செலவு, 98 அறைகள். அந்தக் காலத்தில் கனடாவிலேயே மிகப் பெரிய தனியார் வீடு இதுதான். கோபுரம், ரகசியப் படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் உண்டு. நீச்சல் குளம் மட்டும் கடைசிவரை முடியவில்லை.

அப்புறம் என்ன, யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். மின்சாரத்தை அரசு பொதுவுடைமை ஆக்கியது, அவருடைய பெரிய வருமானம் போனது. நிலத்தில் போட்ட பணமும் கைகொடுக்கவில்லை. 1923-ல் அவர் ஏகப்பட்ட கடன் வாங்கியிருந்த ஹோம் பேங்க் திவாலானது. சொத்து வரி வேறு ஏறிக்கொண்டே போனது. பத்து வருடம்கூட முழுசாகக் குடியிருக்காமல் வெளியேறினார், வீட்டுச் சாமான்கள் அடிமாட்டு விலைக்கு ஏலம் போயின. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்களே, முதல் பாதியிலேயே மனுஷர் மூழ்கிவிட்டார். இன்றைக்கு இரண்டாம் பாதிதான் அந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்கிறது, அதைப் போய்க் குறை சொல்கிறோம்!

இருபதுகளின் கடைசியில் கொஞ்ச நாள் ஹோட்டலாக ஓடியது. அங்கே வாசித்த ஒரு ஜாஸ் குழு காசா லோமா ஆர்க்கெஸ்ட்ரா என்று பெயரே வைத்துக்கொண்டது. ஹோட்டலும் படுத்தது. வரி பாக்கிக்காக 1933-ல் நகராட்சி கட்டடத்தை எடுத்துக்கொண்டபோது, இடித்துத் தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். அன்றைக்கு அது யாருக்குமே வேண்டாத வீடு. 1937-ல் கிவானிஸ் என்ற சமூக சேவைச் சங்கம் அதை எடுத்து, டிக்கெட் போட்டு ஊருக்குத் திறந்துவிட்டதால்தான் பிழைத்தது. 2011 வரை அவர்கள்தான் நடத்தினார்கள். 2014-லிருந்து ஒரு தனியார் நிறுவனம் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது, சொத்து இன்னமும் நகராட்சியுடையதுதான்.

அந்த வீட்டின் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது குதிரை லாயம். வீட்டிலிருந்து சுமார் 800 அடி சுரங்கப்பாதையில் போனால் வரும். குதிரைகளுக்கு மஹோகனி மரத்தில் தடுப்பு, தரையில் ஓடு, அவ்வளவு ஆடம்பரம். இரண்டாம் உலகப் போரின்போது அந்த லாயத்தில்தான் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கிற சோனார் கருவிகளை ரகசியமாகச் செய்தார்கள். பழுதுபார்ப்பு வேலை நடக்கிறது என்று போர்டு. சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் டிக்கெட் வாங்கிய கூட்டம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பார்க்க வருபவர்களை ஒரேயடியாக வெளியே நிறுத்திவிட்டு விருந்துக்கு மட்டும் திறந்தால் நானும் சண்டைக்கு வருவேன். மற்றபடி சினிமாக்காரர்கள் வரட்டும், கல்யாணம் நடக்கட்டும், பிள்ளைகள் புதிர் விளையாடட்டும். 98 அறையைச் சும்மா பூட்டி வைத்தால் கூரை ஒழுகும், அவ்வளவுதான். பெல்லட் 1939-ல் இறந்தபோது கையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அதற்குள் அவர் வீட்டுக்குள்ளே ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்வர ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.