எலும்பையும் கவனியுங்கள்

சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்பது சளி கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும் பரம்பரை நோய். அது நுரையீரலை என்ன செய்கிறது என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாகவே சொல்கிறது. ஆனால் எலும்புக்கும் மூட்டுக்கும் ஒரே ஒரு வரிதான். அது போதாது. கடலூரில் என் அண்ணன் மகனுக்கு இந்த நோய் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இந்த நோயில் கணையம் சரியாக வேலை செய்யாவிட்டால் கொழுப்பு செரிக்காது. அதோடு டி, கே வைட்டமின்களும் உடம்பில் சேராது. இரண்டும் எலும்புக்கு வேண்டியவை. ஓயாத நுரையீரல் தொற்றும் ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பை இன்னும் மெலியவைக்கும். பலமாக இருமியே விலா எலும்பில் விரிசல் விழலாம். அப்புறம் வலிக்குப் பயந்து இருமலை அடக்குவார்கள், சளி உள்ளேயே தங்கிவிடும். எங்கள் பையன் தலையணையை விலாவோடு இறுக்கி அணைத்துக்கொண்டுதான் இருமினான். பார்க்கவே முடியாது.

மூட்டு வலி வேறு. முழங்காலும் கணுக்காலும் திடீரென்று வீங்கும், சில நாளில் தானாக வடியும். ‘வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்’ என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து சாப்பிடும்போது வலி வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த மருந்தாலும் வரலாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து பாண்டிச்சேரி போகிறவர்கள், எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்சா ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். பதினெட்டு வயதுக்குள் ஒரு முறையாவது பார்த்துவிடுவது நல்லது.